சிற்றுலையும் பொங்குமாங்கடலும்

குற்றாலத்துப் பேரருவியில் நீராடச் செல்வோருள் பலர் நீர் விழும் இடத்தைப் பார்ப்பார்களே தவிர, அது புறப்படும் இடத்தை அண்ணாந்து பார்ப்பதில்லை. பார்த்தால் ஒன்று விளங்கும். மலையுச்சியினின்று பாயும் நீர் நேரே நம் தலைமீது விழுவதில்லை. பாதி வழியில் பாறையைக் குடைந்த ஆழமான பள்ளம் ஒன்று உண்டு. பொங்குமாங்கடல் என்பது அதன் பெயர். நீர் முதலில் அதனுள் விழுகிறது. அங்கே தன் மூர்க்கம் தணிந்து, பொங்கி வழிந்து, பின்னரே கீழே இறங்குகிறது. அதனாலேதான் அத்துணை உயரத்து அருவியின் கீழ் முதியோரும் சிறுவரும் அச்சமின்றி நிற்க முடிகிறது. வெள்ளம் மிகுந்த நாள்களில் காவலர் வந்து அனைவரையும் விலக்கிவிடுகின்றனர். 2024-ஆம் ஆண்டு மே மாதம் பழைய குற்றால அருவியில் திடீரென வந்த வெள்ளம் ஒரு சிறுவனின் உயிரைக் கொண்டுபோனதைத் தென்காசிப் பகுதி மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். சற்று முன்வரை அதுவும் தணிந்த அருவியாகவே இருந்தது.

சாரல் விழுந்த ஒரு ஞாயிறன்று, திருப்பலி முடிந்து நாம் வெளியே வந்தபோது, கல்லூரியில் படிக்கும் இளைஞர் ஒருவர் செய்தித்தாளை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். “சாமி, இனிமே அணு உலையெல்லாம் சின்னதா வரப்போகுதாமே? கூடங்குளம் மாதிரி இல்லையாம். சின்னதுன்னா பயம் இல்லைதானே?” என்று கேட்டார். உடனே விடை சொல்ல நமக்கு இயலவில்லை. அவர் கேட்டது அறிவியல் கேள்வி போலத் தோன்றினாலும், அதற்குரிய விடை பெரிதும் வரலாற்றில் இருக்கிறது. அவ்வரலாற்றை வாசக அன்பர்களோடு சேர்ந்து ஒருமுறை புரட்டிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சிறிது என்பது எவ்வளவு?

அணு உலை என்பது அடிப்படையில் ஓர் அடுப்பே. யுரேனியத்தின் அணுக்கரு நியூட்ரான் பட்டுப் பிளக்கும்போது வெப்பம் பிறக்கிறது. அவ்வெப்பத்தால் நீர் ஆவியாகிறது. ஆவி சுழலியைச் சுழற்றுகிறது. சுழலி மின்சாரம் தருகிறது. பன்னாட்டு அணுசக்தி முகமை 300 மெகாவாட்டுக்குக் குறைந்த மின்திறனுடைய உலைகளைச் சிறியவை என வகுத்துள்ளது. இப்போது பேசப்படும் சிற்றுலைகளுக்கு மற்றோர் இயல்பும் உண்டு. அவற்றைத் தொழிற்சாலையிலேயே பகுதி பகுதியாகச் செய்து, லாரியிலோ கப்பலிலோ கொண்டுவந்து பொருத்திவிடலாம். தேவை பெருகினால் பக்கத்தில் இன்னொன்றைச் சேர்க்கலாம் என்பது திட்டம்.

நம் பகுதியின் அளவுகோலால் இதனை அளந்து பார்ப்போம். தாமிரபரணி நீரைக் கொண்டு 1944 முதல் இயங்கிவரும் பாபநாசம் மின்நிலையத்தின் இன்றைய திறன் 32 மெகாவாட். ஆகவே 300 மெகாவாட்டை எட்டும் ‘சிறிய’ அணு உலை ஒன்பது பாபநாசங்களுக்குச் சமம். கூடங்குளத்து உலை ஒவ்வொன்றும் 1000 மெகாவாட் என்பதால்தான் அது நமக்குச் சிறிதாகத் தோன்றுகிறது.

கடலுக்கடியில் பிறந்த உலை

சிற்றுலை புதுமை அன்று. அணு உலைகளின் வரலாறே சிற்றுலையில்தான் தொடங்குகிறது. அது பிறந்தது ஏழையின் குடிசைக்கு விளக்கேற்றுவதற்காக அன்று, போருக்காக. வாரக்கணக்கில் கடலுக்கடியிலேயே தங்கக்கூடிய நீர்மூழ்கிக் கப்பல் வேண்டும் என அமெரிக்கக் கடற்படை விரும்பியது. ஹைமன் ரிக்கோவர் என்னும் அதிகாரியின் தலைமையில் ஐடஹோ மாநிலத்தின் பாலைநிலத்தில் மாதிரி உலை ஒன்று 1953-இல் இயங்கத் தொடங்கியது. 1955 ஜனவரியில் நாட்டிலஸ் என்னும் கப்பல் அணு ஆற்றலால் தன் முதற் பயணத்தைத் தொடங்கியது.

ரிக்கோவர் கடுமையான மனிதர் எனப் பெயர் பெற்றவர். தாம் செய்யும் தொழிலைப் பற்றி மயக்கம் அற்றவரும் கூட. காகிதத்தில் வரையப்பட்ட உலை எப்போதும் எளியதாகவும் சிறியதாகவும் மலிவானதாகவும் இருக்கும். உண்மையில் கட்டப்படும் உலையோ காலம் தாழ்ந்து, செலவு மிகுந்து, சிக்கல் நிறைந்ததாக இருக்கும் என்னும் கருத்துப்பட 1953-இலேயே அவர் ஒரு குறிப்பு எழுதி வைத்தார். எழுபது ஆண்டுகளுக்குப் பின்னும் அக்குறிப்பைப் பொறியாளர்கள் எடுத்துக்காட்டுவதில் வியப்பில்லை.

1953 டிசம்பரில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஐசனோவர் ‘அமைதிக்காக அணு’ என்னும் திட்டத்தை அறிவித்தார். 1954 ஜூனில் சோவியத் நாட்டின் ஒப்னின்ஸ்க் நகரில் 5 மெகாவாட் உலை ஒன்று மின்வலையோடு இணைந்தது. 1957-இல் அமெரிக்காவின் ஷிப்பிங்போர்ட் நிலையம் 60 மெகாவாட் திறனோடு வந்தது. அதன் வடிவமோ விமானந்தாங்கிக் கப்பலுக்கென வகுக்கப்பட்டு, பின் கைவிடப்பட்ட ஒன்று. இன்று உலகில் இயங்கும் மின் உலைகளுள் பெரும்பாலானவை அழுத்த நீர் வகையைச் சேர்ந்தவை. வாளைக் கொழுவாக அடித்தார்கள் என்று நாம் மகிழலாம். ஆயினும் கொழுவில் வாளின் சாயல் நெடுநாள் இருந்தது.

பனிப் பாலையில் சிற்றுலைகள்

எண்ணெய் கொண்டுசெல்ல இயலாத தொலைவிடங்களுக்குச் சிற்றுலை ஏற்றது என அமெரிக்கத் தரைப்படை எண்ணியது. 1954 முதல் 1977 வரை நடந்த அத்திட்டத்தில் எட்டு உலைகள் கட்டப்பட்டன. அவற்றுள் ஒன்று கிரீன்லாந்தில் பனிக்கட்டிக்குள் தோண்டிய முகாமுக்குப் பகுதி பகுதியாகக் கொண்டுசெல்லப்பட்டு, 1960-இல் பொருத்தப்பட்டது. பனிப்பாளம் மெல்ல நகர்ந்து சுரங்கங்களை நெரித்தமையால் சில ஆண்டுகளிலேயே உலையை எடுத்துச் செல்ல நேர்ந்தது. மற்றொன்று அண்டார்க்டிக்காவின் மெக்மர்டோ நிலையத்தில் 1962 முதல் 1972 வரை இயங்கியது. அது மூடப்பட்டபின், கதிரியக்கம் படிந்த ஆயிரக்கணக்கான கன மீட்டர் மண்ணையும் பாறையையும் கப்பலேற்றி அமெரிக்காவுக்குக் கொண்டுசெல்ல வேண்டியதாயிற்று. சிறிய உலை விட்டுச்சென்ற குப்பை சிறிதாக இல்லை.

கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்பார்கள். அதனை மெய்ப்பித்தது எஸ்.எல்.1 என்னும் உலை. அதே ஐடஹோவில் இருந்த அவ்வுலையின் வெப்பத்திறன் வெறும் 3 மெகாவாட். 1961 ஜனவரி 3-ஆம் நாள் இரவு, பராமரிப்புப் பணியின்போது நடுவில் இருந்த கட்டுப்பாட்டுத் தண்டு கையால் அளவுக்கு மீறி மேலே இழுக்கப்பட்டது. கண்ணிமைப்பதற்குள் நீர் ஆவியாகி வெடித்தது. பணியில் இருந்த மூன்று இளம் வீரர்களும் உயிரிழந்தனர். ஒரே ஒரு தண்டின் அசைவால் உலை கட்டுமீறும்படி அதனை வடிவமைத்தது பிழை என்பதை உலகம் அன்று கற்றது. அப்பாடம் பின்வந்த உலைகள் அனைத்திற்கும் பயன்பட்டது. ஆனால் மூன்று குடும்பங்கள் அதற்கு விலை கொடுத்தன.

சோவியத் நாடு வேறு வழியில் சென்றது. 1959-இல் லெனின் என்னும் பனி உடைக்கும் கப்பலை அணுவால் ஓட்டியது. சைபீரியாவின் வடகிழக்கு மூலையில் பிலிபினோ என்னும் ஊரில் 1974 முதல் 12 மெகாவாட் உலைகள் நான்கினை நிறுவி, அங்குள்ள மக்களுக்கு மின்சாரத்தோடு வீடுகளைச் சூடாக்கும் வெப்பமும் தந்தது. வேறு எரிபொருள் எளிதில் சென்றடையாத அப்பனிநாட்டில் சிற்றுலை மெய்யாகவே ஒரு தேவையை நிறைவேற்றியது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

பெரிதினும் பெரிது

பின் ஏன் சிற்றுலைகள் மறைந்தன? விடை நம் சமையற்கட்டிலேயே இருக்கிறது. நூறு பேருக்கு ஒரே அண்டாவில் சோறு வடிப்பதற்கும், நூறு சிறு பானைகளில் வடிப்பதற்கும் செலவு ஒன்றா? உலையைப் பாதி ஆக்கினால் சுவரும் காவலும் உரிமமும் பயிற்சி பெற்ற பணியாளரும் பாதி ஆவதில்லை. ஆகவே 60 மெகாவாட்டில் தொடங்கிய மின் உலைகள் 1970-களின் நடுவில் 1000 மெகாவாட்டைத் தாண்டின.

அக்காலத்தில்தான் ‘சிறியதே அழகு’ என்னும் நூல் 1973-இல் வெளிவந்தது. அதனை எழுதிய பொருளியலறிஞர் ஷூமாக்கர் 1971-இல் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தவர். அவர் சிறியதைப் போற்றியவர் என்பது பலருக்குத் தெரியும். அதே நூலில் அணு மின்சாரத்தைக் கடுமையாக எச்சரிக்கும் இயல் ஒன்றும் உண்டு என்பது அவ்வளவாக நினைவுகூரப்படுவதில்லை. அவருக்குச் சிறியது என்பது அளவைக் குறித்த சொல் மட்டுமன்று. மனிதர் தம் கைக்கும் பொறுப்புக்கும் அடங்கியதாக வைத்துக்கொள்ளக் கூடியது என்பதே அதன் பொருள்.

நம் நாட்டின் சிற்றுலைகள்

உலகம் பெரிதை நாடிச் சென்றபோது, இந்தியா சிறியதோடு தங்கிவிட்டது. விரும்பித் தேர்ந்து அன்று, வேறு வழியின்றி. ஹோமி பாபாவின் முயற்சியால் 1956 ஆகஸ்ட் 4-ஆம் நாள் டிராம்பேயில் அப்சரா ஆய்வு உலை இயங்கியது. 1969-இல் தாராப்பூரில் அமெரிக்க உதவியோடு இரு மின் உலைகள் வந்தன. ராஜஸ்தானில் கனடாவின் உதவியோடு, இயற்கை யுரேனியத்தையும் கனநீரையும் பயன்படுத்தும் உலை 1973-இல் தொடங்கியது. 1974 மே 18-ஆம் நாள் போக்ரானில் அணுவெடிப்புச் சோதனை நடந்ததும் கனடா தன் உதவியை நிறுத்திக்கொண்டது.

எஞ்சியதை நம்மவர்களே கட்ட வேண்டியதாயிற்று. அவ்வாறு கட்டப்பட்ட நிலையம் கல்பாக்கம். அதன் முதல் உலை 1984 ஜனவரியிலும், இரண்டாவது 1986 மார்ச்சிலும் வணிக முறையில் இயங்கத் தொடங்கின. இத்தகைய உலைகளுக்கு வேண்டிய கனநீரைச் செய்ய நம் தூத்துக்குடியிலேயே 1978-இல் ஆலை ஒன்று எழுந்தது. அன்றைய தொழிற்சாலைகள் வார்க்கக்கூடிய கலங்களின் அளவும், அன்றைய மின்வலை தாங்கக்கூடிய சுமையும் உலையின் அளவை வரையறுத்தன. சிறிய மின்வலையில் மிகப் பெரிய உலை ஒன்று திடீரென நின்றால் வலை முழுவதும் சரியும் அல்லவா? இவ்வாறு 220 மெகாவாட் நமக்கு நிலையான அளவாயிற்று. கல்பாக்கம் முதல் 2011-இல் நிறைவுற்ற கைகாவின் நான்காம் உலைவரை அந்த அளவில் பதினான்கு உலைகள் கட்டப்பட்டன. சிற்றுலை என்னும் பெயரை இன்று உலகம் புதிதாக உச்சரிக்கிறது. நம் நாடோ அதனை நெடுங்காலம் பெயர் சூட்டாமலே வளர்த்து வந்தது.

2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை கல்பாக்கத்தைத் தாக்கியது. கடல்நீர் உறிஞ்சும் இறைப்பி நிலையத்தில் வெள்ளம் புகுந்தது. அப்போது இயங்கிக்கொண்டிருந்த உலை பாதுகாப்பாக நிறுத்தப்பட்டது. உலை தப்பியது, ஆனால் பக்கத்துக் குடியிருப்பில் பலர் மாண்டனர்.

கல்பாக்கத்தில் இன்னும் சிறிய உலைகளும் உண்டு. ஒன்று 1996-இல் தொடங்கிய காமினி. அதன் திறன் 30 கிலோவாட். மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் கிடைக்கும் தோரியத்தை மாற்றினால் பெறப்படும் யுரேனியம்-233 என்னும் எரிபொருளால் அது இயங்குகிறது. மின்சாரம் தருவதற்கு அன்று, ஆய்வுக்கே அது பயன்படுகிறது. மற்றொன்று அரிஹந்த் நீர்மூழ்கிக் கப்பலுக்கான மாதிரி உலை. அங்கு அப்படி ஓர் உலை இருப்பதைக் கப்பல் நீரில் இறக்கப்பட்ட பின்னரே, 2009 ஆகஸ்டில், அரசு நாட்டுக்கு வெளிப்படுத்தியது. ஐடஹோ பாலையில் தொடங்கிய கதை நம் கடற்கரைக்கும் வந்து சேர்ந்தது. பாதுகாப்பின் பொருட்டு மறைத்தனர் என்பது புரிகிறது. ஆயினும், தன் ஊரில் என்ன எரிகிறது என்பதை அறியாமலே மக்கள் பல ஆண்டுகள் அங்கு வாழ்ந்தனர் என்பதும் உண்மையே.

கூடங்குளம் கற்பித்தது

தென்காசிக்குத் தெற்கே ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவில் உள்ள கூடங்குளத்தின் கதை நாம் அறிந்ததே. ஆகவே சுருங்கச் சொல்வோம். 1988 நவம்பரில் ராஜீவ் காந்தியும் கோர்பச்சேவும் ஒப்பந்தம் செய்தனர். 1989 மே முதல் நாள் கன்னியாகுமரியில் மீனவர் பேரணி துப்பாக்கிச் சூட்டில் முடிந்தது. 2002-இல் கட்டுமானம் தொடங்கியது. 2011 மார்ச்சில் ஃபுகுஷிமா விபத்து நேர்ந்தபின், இடிந்தகரை லூர்து மாதா ஆலய முற்றத்தில் மீனவ மக்கள் பந்தலிட்டு அமர்ந்தனர். ஆயிரக்கணக்கானோர் மீது வழக்குகள் பாய்ந்தன. 2012 செப்டம்பர் 10-ஆம் நாள் கடற்கரையில் கண்ணீர்ப்புகையும் தடியடியும் நிகழ்ந்தன. அன்றே மணப்பாட்டில் மீனவர் ஒருவர் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார். 2013 மே 6-ஆம் நாள் உச்சநீதிமன்றம் பதினைந்து நிபந்தனைகளோடு உலைக்கு அனுமதி அளித்தது. முதல் உலை 2014 டிசம்பர் இறுதியிலும், இரண்டாவது 2017 மார்ச்சிலும் வணிக முறையில் இயங்கத் தொடங்கின.

அவ்வுலைகள் இன்று நம் வீடுகளுக்கும் மின்சாரம் தருகின்றன. இக்கட்டுரையை நாம் எழுதும் விளக்கொளியிலும் அதன் பங்கு இருக்கலாம். ஆகவே மின்சாரத்தை நுகர்ந்துகொண்டே போராடியவர்களை ஏளனம் செய்வது நமக்கு அழகன்று. இடிந்தகரை மக்கள் மெகாவாட் கணக்கைப் பற்றிப் பேசவில்லை. எங்களைக் கேட்டீர்களா, ஏதேனும் நேர்ந்தால் யார் பொறுப்பு, கழிவை எங்கே வைப்பீர்கள் என்றே கேட்டனர். இம்மூன்று கேள்விகளும் உலையின் அளவைச் சார்ந்தவை அல்ல.

மீண்டும் சிறிது

சிற்றுலைகள் மீண்டும் பேசப்படுவதற்கு நேர்மையான காரணங்கள் உண்டு. உலையை நிறுத்திய பின்னும் எரிபொருள் அடங்குவதில்லை. சாம்பலுக்குள் தணல்போல் கனன்றுகொண்டே இருக்கும். நிறுத்திய கணத்தில் அவ்வெப்பம் முழுத்திறனில் 6 அல்லது 7 விழுக்காடு. ஃபுகுஷிமாவில் மின்சாரம் அற்று இறைப்பிகள் நின்றதால், இவ்வெப்பமே உலைகளை உருக்கியது. உலை சிறிதாயின் இத்தணலும் சிறிது. இறைப்பி இன்றியே, சூடான நீர் மேலெழுந்து குளிர்ந்த நீர் கீழிறங்கும் இயற்கை ஓட்டத்தால் அதனைத் தணித்துவிடலாம் என்பது வடிவமைப்பாளரின் வாதம். அதில் உண்மை இருக்கிறது. நிலக்கரிப் புகையால் புவி சூடேறிவரும் காலத்தில், செங்கோட்டைக் கணவாய்க் காற்று ஓய்ந்த மாதங்களில் காற்றாலைகள் அசையாது நிற்பதைக் காணும் நாம், மாற்று வழி தேடுவோரைக் குறை கூறவும் இயலாது.

ஆயினும் செயலில் வந்தவை சிலவே. ரஷ்யாவின் மிதக்கும் நிலையமான அகாதமிக் லொமனோசவ், 35 மெகாவாட் உலைகள் இரண்டோடு, 2020 முதல் பெவெக் துறைமுகத்தில் பணி செய்கிறது. சீனாவின் ஷிதாவோவானில் வாயுவால் குளிர்விக்கப்படும் 210 மெகாவாட் நிலையம் 2023 டிசம்பரில் வணிக இயக்கத்தைத் தொடங்கியது. அமெரிக்காவில் நூஸ்கேல் நிறுவனத்தின் வடிவம் 2023 ஜனவரியில் ஒப்புதல் பெற்றது. அதனை ஐடஹோவில் கட்டும் திட்டமோ அதே ஆண்டு நவம்பரில் கைவிடப்பட்டது. ஒரு மெகாவாட்-மணிக்கு 58 டாலர் என்று சொல்லப்பட்ட விலை 89 டாலராக உயர்ந்துவிட்டதே காரணம். ரிக்கோவரின் குறிப்பு அவர் உழைத்த மாநிலத்திலேயே மெய்யாயிற்று.

நம் அரசு 2024 ஜூலை வரவு செலவுத் திட்டத்தில் ‘பாரத் சிற்றுலை’களை அறிவித்தது. 220 மெகாவாட் என்னும் பழைய வடிவையே செப்பனிட்டு, தொழிற்சாலைகளின் சொந்தத் தேவைக்காகத் தனியார் முதலீட்டில் அமைப்பது அதன் நோக்கம். 2025 பிப்ரவரியில் சிற்றுலை ஆய்வுக்கு 20,000 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. 2033-க்குள் குறைந்தது ஐந்து உலைகள் இயங்க வேண்டும் என இலக்கு வைக்கப்பட்டது.

2025 டிசம்பரில் நாடாளுமன்றம் ‘சாந்தி’ என்னும் சுருக்கப் பெயருடைய புதிய அணுசக்திச் சட்டத்தை நிறைவேற்றித் தனியாருக்கு வழி திறந்தது. 2010-ஆம் ஆண்டுச் சட்டம், மின் உலை எதுவாயினும் விபத்து நேர்ந்தால் அதனை இயக்குவோரின் இழப்பீட்டுப் பொறுப்புக்கு 1500 கோடி ரூபாய் என எல்லை வைத்திருந்தது. புதிய சட்டமோ அளவுக்கேற்பப் படிநிலை வகுத்துள்ளது. வெப்பத்திறன் 3600 மெகாவாட்டை மீறும் உலைக்கு 3000 கோடி. 150 மெகாவாட் வரையுள்ள உலைக்கு 100 கோடி. சிறிய உலையில் கதிரியக்கப் பொருள் குறைவு என்பது இதற்குச் சொல்லப்படக்கூடிய நியாயம். ஆனால் ஒரு மீனவரின் கடலும் ஓர் உழவரின் வயலும் கெடும்போது, அவர்கள் இழப்பை மெகாவாட்டால் அளக்க முடியுமா? உலை சிறுத்தது எனச் சொல்லிப் பொறுப்பையும் சிறுக்கச் செய்வது எளிது. நாம் விழிப்பாக இருக்க வேண்டிய இடம் இதுவே.

இடையில் நிற்பது எது?

திருச்சபை அணுவை வெறுத்து ஒதுக்கியதில்லை. 1957-இல் பன்னாட்டு அணுசக்தி முகமை தோன்றியபோது திருப்பீடமும் அதன் நிறுவன உறுப்பினருள் ஒன்றாக இருந்தது. அதே வேளையில், 2015-இல் வெளிவந்த ‘இறைவா, உமக்கே புகழ்’ என்னும் சுற்றுமடல், அணு ஆற்றல் போன்றவை அவற்றை அறிந்து வைத்திருப்போர் கையில் அளவிறந்த வல்லமையைக் கொடுத்துவிட்டதையும், அவ்வல்லமை நன்றாகவே பயன்படும் என்பதற்கு உறுதி இல்லாமையையும் சுட்டிக்காட்டுகிறது. அறிவை மறுக்காமல், அதற்குப் பொறுப்பைக் கேட்பதே இதன் சாரம்.

வரலாறு காட்டுவதும் அதுவே. 3 மெகாவாட் உலை மூவரைக் கொன்றது. 220 மெகாவாட் உலை ஆழிப்பேரலையில் பாதுகாப்பாக நின்றது. பிலிபினோவில் சிற்றுலை மக்களுக்குக் குளிர் தீர்த்தது, கிரீன்லாந்தில் வீணாயிற்று. அளவு ஒருபோதும் தனியே நின்று நன்மையையோ தீமையையோ தீர்மானிக்கவில்லை. ஆற்றலுக்கும் மக்களுக்கும் இடையே என்ன நின்றது என்பதே தீர்மானித்தது. உறுதியான சுவர், ஆட்சிக்கும் ஆதாயத்திற்கும் அஞ்சாத கண்காணிப்பு, தப்பிக்க இடங்கொடாத இழப்பீட்டுச் சட்டம், கழிவுக்கு நேர்மையான வழி, கட்டும் முன் ஊராரை அவர்தம் மொழியில் கேட்கும் பணிவு ஆகிய இவையே அணுவின் பொங்குமாங்கடல். இவை இருப்பின் பெரியதையும் தாங்கலாம். இல்லையேல் சிறியதும் நம்மை அடித்துச் செல்லும்.

அந்த இளைஞரை மறுவாரம் கண்டபோது நாம் சொன்னது இதுதான்: “சின்னதா, பெரிசா என்று மட்டும் கேட்காதே தம்பி. மலைக்கும் நம் தலைக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று கேள். அதைக் கேட்க உனக்கு உரிமை இருக்கிறது. கேட்காமல் விட்டால் பிறகு பிறரைக் குறை சொல்ல இயலாது.” அவர் சிறிது நேரம் பேசாமல் நின்றார். பிறகு, “சாமி, அந்தப் பள்ளத்தை நான் இதுவரை கவனிச்சுப் பார்த்ததே இல்லை” என்றார். அடுத்த சாரலுக்கு அவரோடு பேரருவிக்குப் போவதாக நாம் வாக்களித்திருக்கிறோம்.